தர்மபுரி ஞாயிறு நெட் வகுப்பு: ஃபேனுக்கு ஒன்று, கரும்பலகைக்கு ஐந்து

பெயரைப் போடாமல் எழுதுகிறேன். பாதி பாராட்டு, பாதி புகார். புகாரைப் பெயர் போட்டு எழுதிவிட்டு நாளைக்கு அதே மாடிப்படி ஏறி நோட்ஸ் கேட்க எனக்குக் கூச்சம். தர்மபுரி டவுனில் சமூகவியலுக்கு யுஜிசி நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) வகுப்பு தேடுகிறவர்கள் ஜெராக்ஸ் கடைகளில் இரண்டு பேரிடம் விசாரித்தால் போதும், நான் சொல்லும் இடம் தெரிந்துவிடும்.

முதலில் காசுக் கணக்கு. மொத்தம் 14 ஞாயிறு, காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை, கட்டணம் 9,500 ரூபாய். இரண்டு தவணையாகக் கட்டலாம். மூன்றாகக் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. நோட்ஸுக்குத் தனியாக 600. சேரும்போது அதைச் சொல்லவில்லை, இரண்டாவது வாரம் சொன்னார்கள். 22 பேருக்கு ஒரே ஹால், இரண்டு ஃபேன். ஒன்று சத்தம் போடும்போது சுற்றும், சத்தம் நின்றால் அதுவும் நின்றுவிட்டது என்று அர்த்தம். கழிப்பறை கீழ்த்தளத்தில். சாவி கடைக்காரரிடம் இருக்கும், ஞாயிறு மத்தியானத்தோடு அவர் கடையைச் சாத்திவிடுவார். பெண்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு சேருங்கள். மூன்றாவது வாரமே சொன்னேன். "பார்க்கலாம்மா" என்றார்கள். பதினான்காவது வாரம் வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் சொல்வது புரியாது. வயது 34. சொந்த ஊர் பாலக்கோடு. அங்கேயே ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், சம்பளம் 11,000. சமூகவியல் எம்.ஏ. தொலைநிலைக் கல்வியில் படித்தது, அதாவது புத்தகம் தபாலில் வந்தது, ஆசிரியர் வரவில்லை. நெட் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போய்விட்டது. நடுவில் ஒரு மொபைல் ஆப்புக்கு 6,000 கட்டினேன். டெல்லியிலிருந்து ஒருவர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து ஸ்லைடைப் படித்துக் காட்டுவார். படிக்கத் தெரியாமல்தான் எம்.ஏ. முடித்தேனா என்று பதினைந்தாவது வீடியோவில் நிறுத்திவிட்டேன்.

தேர்வு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: இரண்டு தாள், மூன்று மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண். தப்பான பதிலுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். சமூகவியல் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். முதல் தாளுக்கு ஐந்து வாரம் ஒரு இளைஞர் வந்து எடுத்தார். நன்றாகவே எடுத்தார், வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்குப் பிறகு வந்த சாருக்காக. அரசுக் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேட்டி, முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் சொந்தமாகக் கொண்டுவந்த சாக்பீஸ். வகுப்பில் இருந்த வெள்ளைப் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் அழுக்கேறிக் கிடந்த கரும்பலகையைத் தம்பிகள் இரண்டு பேரை விட்டுத் தூக்கிவரச் சொன்னார். அடுக்கமைவும் சமூக நகர்வும், அதாவது நாங்கள் ஸ்ட்ராட்டிஃபிகேஷன், மொபிலிட்டி என்று சொல்லும் பகுதிக்கு அவர் நான்கு ஞாயிறு எடுத்துக்கொண்டார். நிர்வாகம் ஒதுக்கியது இரண்டுதான். அந்த இரண்டு கூடுதல் ஞாயிறால் கடைசியில் இந்தியப் பகுதி நசுங்கியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் ஞாயிறு சொரோக்கின். 1927இல் அவர் எழுதிய 'சமூக நகர்வு' புத்தகத்தை ஆப்காரர் ஒரு வரியில் முடித்திருந்தார். சார் ஆளிலிருந்து தொடங்கினார். ரஷ்யாவில் கோவில் கோவிலாகப் போய் முலாம் பூசும் கைவினைஞரின் மகன், சின்ன வயதில் தானும் அதே வேலையைச் செய்தவர். 1922இல் நாட்டை விட்டு அனுப்பப்பட்டு, அமெரிக்கா போய், ஹார்வர்டில் சமூகவியல் துறையின் முதல் தலைவரானார். "நகர்வைப் பற்றி எழுத இவனைவிட யாருக்குத் தகுதி இருக்கு?" என்றார் சார். கிடைமட்ட நகர்வு, செங்குத்து நகர்வு என்று சொரோக்கின் பிரித்ததற்கு உதாரணம் நான்தான். பாலக்கோடு இ-சேவையிலிருந்து காரிமங்கலம் இ-சேவைக்கு நான் மாறினால் கிடைமட்டம். தாலுகா ஆபீசில் உதவியாளராகப் போனால் செங்குத்து. "போகணும்னு ஆசை இருக்காம்மா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆசை இருக்கிறது, குரூப் 4 இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது ஞாயிறுதான் உச்சம். பலகையில் மூன்று வரிசை, மூன்று நிரல் போட்டு ஒன்பது கட்டம் வரைந்தார். இடது பக்கம் அப்பாக்கள்: நிலம், கூலி மற்றும் கைத்தொழில், மேசை வேலை. மேலே நாங்கள்: அதே மூன்று. ஒவ்வொருவராக எழுந்து, உங்களுக்குப் 14 வயதாகும்போது அப்பா என்ன வேலை பார்த்தார், இப்போது நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். பென்னாகரம் தம்பியின் அப்பா மரவள்ளி போட்டவர், தம்பி தனியார் பள்ளியில் வாத்தியார். அரூர் அக்காவின் அப்பா அஞ்சலகத்தில், அக்காவும் ஆபீஸில். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் வரும் ஒரு தம்பிக்கு நிலத்திலிருந்து கூலிக் கட்டம். சாக்பீஸால் ஒவ்வொரு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார்.

முடிவில் அப்பாக்கள் நிலத்தில் 11, கூலியில் 7, மேசையில் 4. நாங்கள் நிலத்தில் 1, கூலியில் 10, மேசையில் 11. அப்பா இருந்த அதே கட்டத்தில் இருப்பவர்கள் 8 பேர், கட்டம் மாறியவர்கள் 14. எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. பென்னாகரம் தம்பி கையே தட்டினான். சார் சாக்பீஸை வைத்துவிட்டுக் கேட்டார்: "11 பேர் நிலத்துல இருந்தாங்க, இப்போ ஒருத்தர்தான் இருக்கார். மீதி 10 பேர் நகராம வேற என்ன பண்ணியிருப்பீங்க? இதுல உங்க சாமர்த்தியம் எங்கே?"

இதுதான் அந்தப் படிப்பின் முதல் முடிச்சு. விவசாயம் சுருங்கி ஆபீஸும் ஆலையும் பெருகும்போது, யாருடைய பிள்ளையாக இருந்தாலும் கட்டம் மாறித்தான் ஆக வேண்டும். எத்தனை பேர் மாறினார்கள் என்பது ஒரு கேள்வி. மேசைக்காரர் பிள்ளைக்கும் நிலத்துக்காரர் பிள்ளைக்கும் மேசை கிடைக்கும் வாய்ப்பில் எவ்வளவு வித்தியாசம் என்பது வேறு கேள்வி. முதலாவது முழு நகர்வு, இரண்டாவது ஒப்பு நகர்வு. எங்கள் பலகையிலேயே இரண்டாவதைப் போட்டுக் காட்டினார். மேசைக்காரர் பிள்ளைகள் 4 பேரில் மேசைக்குப் போனவர் 3, போகாதவர் 1. நிலத்துக்காரர் பிள்ளைகள் 11 பேரில் போனவர் 5, போகாதவர் 6. போனவரைப் போகாதவரால் வகுத்தால் மேசைக்காரர் பிள்ளைகளுக்கு 3, நிலத்துக்காரர் பிள்ளைகளுக்குச் சுமார் 0.83. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 3.6. இந்த ஒற்றை எண்ணுக்குத்தான் ஆட்ஸ் ரேஷியோ என்று பெயர். அது 1 என்று வந்தால் யார் வீட்டில் பிறந்தாலும் ஒன்றுதான் என்று அர்த்தம். 1க்கு மேலே போகப் போக அப்பாவின் கை நீளம்.

எம்.ஏ.வில் இந்த வார்த்தையை மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியவள் நான். அது என்னவென்று தெரிந்தது 34 வயதில், தர்மபுரி மாடியில், சத்தம் போடும் ஃபேனுக்குக் கீழே.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது, கேட்டேன். "சார், நாங்க எல்லாரும் எம்.ஏ. முடிச்சவங்க. படிக்காம விட்டவங்க இந்த மாடிக்கே வரலையே?" சார் சந்தோஷமாகிவிட்டார். அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வகுப்பறையில் கேட்காமல் நாடு முழுக்க மாதிரி எடுத்துக் கேட்கிறார்கள் என்று, அங்கிருந்து நாடு நாடாகப் போனார். பிரிட்டனில் டேவிட் கிளாஸ் குழு 1949இல் நடத்திய கணக்கெடுப்பு, 1954இல் வந்த புத்தகம். அமெரிக்காவில் பிளாவும் டங்கனும், 1962இல் 20,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் எடுத்த கணக்கை வைத்து 1967இல் போட்ட புத்தகம். அதில் அப்பாவின் படிப்பு, அப்பாவின் வேலை, மகனின் படிப்பு, முதல் வேலை, இப்போதைய வேலை என்று ஐந்து புள்ளிகளை அம்புக்குறியால் இணைத்த படத்தைச் சார் பார்க்காமலே வரைந்தார். அப்பாவின் செல்வாக்கில் பெரும்பகுதி மகனின் படிப்பு வழியாகத்தான் போய்ச் சேர்கிறது என்பது அந்தப் படத்தின் சாரம்.

நாடுகளை ஒப்பிடுவதில் ஒரு பெரிய தலைவலி உண்டு, அது எனக்கு அன்றுவரை தோன்றியதே இல்லை. ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு வேலைகளைப் பிரித்து வைத்திருக்கும். 1959இல் லிப்செட்டும் பெண்டிக்ஸும் பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்தபோது, எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கிடைத்தது உடலுழைப்பு, உடலுழைப்பு அல்லாதது, விவசாயம் என்ற முரட்டுப் பிரிவுகள்தான். அதை வைத்தே, அமெரிக்கா ஒன்றும் தனி வாய்ப்பு பூமி இல்லை, தொழில்மயமான நாடுகளில் நகர்வு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் என்று சொன்னார்கள். பிற்பாடு எரிக்சனும் கோல்ட்தோர்ப்பும் வெவ்வேறு நாட்டு மூலப் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு ஆளையும் ஒரே வகைப்பாட்டில் திரும்பக் குறியிட்டு, 1992இல் முடிவைப் புத்தகமாக்கினார்கள். போலந்து, ஹங்கேரி, ஸ்வீடன், அயர்லாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியா எல்லாம் அதில் உண்டு. முழு நகர்வு நாட்டுக்கு நாடு ஏறி இறங்குகிறது, ஒப்பு நகர்வு பெரிதாக மாறவில்லை என்பது அவர்கள் வாதம். 2004இல் ரிச்சர்ட் பிரீன் தொகுத்த ஐரோப்பியக் கணக்கு, பல நாடுகளில் அந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்று திருத்தியது. பிரிட்டனில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"பஸ் பெருசாயிடுச்சு, எல்லாருக்கும் இடம் கிடைச்சது. ஜன்னல் சீட்டு யாருக்குன்னு பாரு" என்றார் சார். அந்த வாரம் பாலக்கோடு பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தபோது சும்மா ஒரு குற்ற உணர்ச்சி.

வருமானத்தைக் கேட்காமல் ஏன் வேலையைக் கேட்கிறார்கள் என்று ஓசூர் தம்பி கேட்டான். அதற்குப் பதில் சொல்ல சார் என்னைத்தான் எழுப்பினார். "வருமானச் சான்றிதழுக்கு மனு போடுறவங்க என்னம்மா சொல்றாங்க?" நான் என்ன சொல்ல? பாதிப் பேருக்கு ஆண்டு வருமானம் 72,000க்குள் வந்து நின்றுகொள்ளும். ரொம்ப நாளாகப் பல திட்டங்களுக்கு அதுதான் வரம்பாக இருந்தது. புல்லட்டில் வந்து இறங்கி 72,000 என்பார்கள், காலில் செருப்பில்லாமல் வந்தும் 72,000 என்பார்கள். அதோடு, 20 வருடத்துக்கு முன் அப்பா எவ்வளவு சம்பாதித்தார் என்று எந்த மகனுக்கும் தெரியாது, என்ன வேலை பார்த்தார் என்பது யாருக்கும் மறக்காது. ஸ்வீடன் மாதிரி நாட்டில் யாரிடமும் கேட்கவே வேண்டியதில்லையாம். ஆளுக்கொரு எண் இருப்பதால் அப்பா, பிள்ளை, வருமானம், படிப்பு எல்லாவற்றையும் பதிவேட்டிலிருந்தே இணைத்துவிடலாம்.

அப்புறம் சார் ஒன்று சொன்னார், அது என் பிழைப்பையே வேறு மாதிரி பார்க்க வைத்தது. நான் தினமும் நான்கைந்து முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு மனு ஏற்றுகிறேன். குடும்பத்தில் யாரும் டிகிரி முடிக்காத வீட்டில், முதலில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கட்டணச் சலுகைக்காகத் தரும் சான்றிதழ். "தலைமுறை நகர்வைத்தான்மா நீ ஸ்கேன் பண்ணி ஏத்திக்கிட்டிருக்க" என்றார். அதுவரை எனக்கு அது, சர்வர் தொங்கும் ஒரு பக்கம்.

மூன்றாவது ஞாயிறு குறியீடு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2008 தொழில் வகைப்பாட்டில் உலகத்து வேலை எல்லாவற்றுக்கும் நான்கு இலக்க எண் உண்டு, இந்தியாவின் 2015 தேசியத் தொழில் வகைப்பாடும் அதன் மேல் கட்டியதுதான். அச்செடுத்த தாளைச் சுற்றில் விட்டார். கனரக லாரி டிரைவர் 8332. தகவல் உள்ளிடும் எழுத்தர் 4132. லாரி ஓட்டிய அப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுவோம் என்று பார்த்தால் நடுவில் மூணு பெரும்பிரிவு.

ஆனால் என் அப்பாவை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில்தான் வகுப்பு நின்றுபோனது.

2003இல் அப்பா ஃபைனான்ஸில் ஒரு செகண்ட் ஹாண்ட் லாரி எடுத்தார். தொப்பூர் கணவாய் வழியாக சேலம், பெங்களூர் என்று நான்கு வருடம் ஓடியது. 2007இல் டியூ கட்ட முடியாமல் வண்டி போய்விட்டது. அதற்குப் பிறகு அடுத்தவர் லாரிக்கு டிரைவர். நான் பிறந்தது 1991. சார் விரல் விட்டு எண்ணினார். 1972இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு எடுத்த பிரிட்டிஷ் கணக்கெடுப்பில், உனக்கு 14 வயதானபோது அப்பா என்ன வேலை என்று கேட்டார்கள். அமெரிக்காவின் 1962 கணக்கெடுப்பில் 16 வயது என்று கேட்டார்கள். என் 14வது வயதில் அப்பா லாரி முதலாளி, 16வது வயதில் கூலிக்கு ஓட்டும் டிரைவர். பிரிட்டன்காரன் வந்து கேட்டால் நான் சிறு உடைமையாளர் வீட்டுப் பெண், அமெரிக்காக்காரன் வந்து கேட்டால் தொழிலாளி வீட்டுப் பெண்.

அதோடு விடவில்லை. "கிளீனர் வச்சிருந்தாரா?" என்றார். வைத்திருந்தார், மாரண்டஹள்ளிப் பையன் ஒருவன். கோல்ட்தோர்ப் வகைப்பாட்டில் ஆள் வைத்துக்கொண்ட சிறு உடைமையாளர் 4ஏ, ஆள் வைக்காதவர் 4பி. ஆக, அந்தக் கிளீனர் பையன் சம்பளம் வாங்கியதால் அப்பா 4ஏ. அதுவே எரிக் ஓலின் ரைட் என்ற அமெரிக்க மார்க்சியரிடம் போனால், ஒரு ஆள் போதாது, அப்பா சிறு முதலாளி ஆக மாட்டார், குட்டி பூர்ஷ்வாதான், அதாவது சொந்தத் தொழிலில் தானே உழைக்கிறவர். டிரைவரான பிறகு கோல்ட்தோர்ப்பிடம் 7ஏ. ஒரே ஆள், ஒரே ஸ்டீயரிங், ஒரே தொப்பூர் ரோடு. இரண்டு வருடத்தில் இத்தனை எண்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடமே கேட்டேன். "அப்பா, ஒரு பாரத்துல உன் வேலைன்னு போடணும். என்னான்னு போட?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "லாரி ஓனர்னு போடு பாப்பா" என்றார்.

வண்டி போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

என்னைப் போட்ட கட்டமும் எனக்குச் சிரிப்புதான். உடலுழைப்பு, உடலுழைப்பு அல்லாதது என்ற 1959 பிரிப்பில் பார்த்தால் டிரைவர் மகள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஆனது மேல்நோக்கிய நகர்வு. டிரைவராக இருந்தபோது அப்பா பேட்டாவோடு சேர்த்துக் கொண்டுவந்த காசு என் 11,000ஐ விட அதிகம். இதைச் சொன்னதும் சார் மறுக்கவில்லை. இந்தக் கோடுகள் சம்பளத்தைப் பார்த்துப் போட்டவை அல்ல, 1959 பிரிப்பு வேலையின் தன்மையைப் பார்த்தது, பிற்பாடு வேலை ஒப்பந்தம் எப்படிப்பட்டது, மாதச் சம்பளமா அன்றாடக் கூலியா, மேலே ஏற வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் கோல்ட்தோர்ப் வகுத்தார் என்றார். எனக்கு மேலே ஏற வழி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

என் அம்மா புளி தட்டுகிறவர். சீசனில் கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இத்தனை என்று கூலி. வண்டி போன வருடங்களில் வீடு நின்றது அந்தக் கூலியில்தான். பலகையில் அம்மாவுக்கு ஒரு கட்டமும் இல்லை. அரூர் அக்காதான் இதை எடுத்துப் பேசினார். அமெரிக்காவின் 1962 கணக்கு ஆண்களிடம் மட்டும். ஆக்ஸ்ஃபோர்டின் 1972 கணக்கும் அப்படியே. ஜப்பானில் 1955 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அடுக்கமைவு ஆய்வில் பெண்களைச் சேர்த்ததே 1985இல். குடும்பத்தின் வர்க்கம் ஆண் தலைவரின் வேலையை வைத்துத்தான் என்று கோல்ட்தோர்ப் 1983இல் கட்டுரை எழுதி வாதாடியிருக்கிறார், அதற்குப் பத்து வருடம் முன்பே ஜோன் ஆக்கர் இது அறிவுத்துறைப் பாலினப் பாகுபாடு என்று சாடியிருந்தார். வகுப்பில் 22 பேரில் 13 பேர் பெண்கள். அந்த ஆராய்ச்சிகளில் நாங்கள் யாருமே இல்லை என்று தெரிந்தபோது ஹால் கொஞ்சம் அமைதியானது. சாரும் இந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

இனி புகார். நான்காவது ஞாயிறில் இந்தியா முழுவதையும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரத்தில் தள்ளிவிட்டார். எம்.என். சீனிவாஸின் சமஸ்கிருதமயமாக்கத்துக்கு, அதாவது கீழே வைக்கப்பட்ட சாதி மேல்சாதி வழக்கங்களைப் பின்பற்றி மேலே வரப் பார்ப்பதற்கு, இருபது நிமிடம். அதிலும் ஒரு நல்ல வரி சொன்னார்: ஐரோப்பிய அட்டவணையில் நகர்வது ஒரு ஆள், சீனிவாஸிடம் நகர்வது ஒரு சாதியே. அதை விரித்துப் பேசியிருந்தால் அந்த ஒரு ஞாயிறே போதும். ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து, 1965இல் சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் முன்பு போல ஒரே கையில் இல்லை, பிரிந்து போகின்றன என்று எழுதினார். நம் தமிழ்நாட்டு ஊர். தேர்விலும் திரும்பத் திரும்ப வரும் புத்தகம். அதற்குப் பத்தே நிமிடம். லாரி, கிளீனர் என்று என் வீட்டுக் கதைக்கு ஒரு மணி நேரம் போனதில் எனக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நேரத்தைப் பார்ப்பது நிர்வாகத்தின் வேலை.

பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 2018இல் வெளியிட்ட கணக்கை மட்டும் நின்று சொன்னார். அடிமட்ட வருமானத்தில் இருக்கும் குடும்பம் நாட்டின் சராசரி வருமானத்துக்கு வர எத்தனை தலைமுறை ஆகும்? டென்மார்க்கில் 2, பிரேசிலில் 9, கொலம்பியாவில் 11, இந்தியாவில் 7. இது அப்பா, மகன் வருமான உறவை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு, பொருளியல்காரர்களின் வழி, நேரில் ஏழு தலைமுறையைப் பின்தொடர்ந்து பார்த்ததில்லை என்று எச்சரித்தார். நான் வீட்டில் போட்டுப் பார்த்தேன். தலைமுறைக்கு 30 வருடம் என்றால் 210 வருடம். அவ்வளவு பின்னால் போனால், கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் இந்தப் பாரமகால் சீமையில் (எங்கள் பகுதியின் அந்தக் காலப் பெயர்) நிலம் அளந்துவிட்டுப் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். எனக்குத் தாத்தாவின் அப்பா பெயர் வரை தெரியும். அதற்கு மேல் கேட்டால் குலதெய்வம் பெயரைச் சொல்ல வேண்டியதுதான்.

கிரிகரி கிளார்க் என்பவர் அபூர்வமான குடும்பப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு ஸ்வீடன், இங்கிலாந்து என்று நூற்றாண்டுக் கணக்கில் பின்தொடர்ந்து, 2014இல் புத்தகம் போட்டாராம். மேட்டுக்குடிப் பெயர்கள் நாம் நினைப்பதைவிட மெதுவாகத்தான் கீழே இறங்குகின்றன என்று அதில் சொல்கிறார். "தர்மபுரிக்கு வந்திருந்தா அவர் என்ன பண்ணியிருப்பார்?" என்றார் சார். ஒவ்வொரு தலைமுறைக்கும் இனிஷியல் மாறும் ஊரில் அந்த மனிதர் பாவம்.

நோட்ஸ் படு மோசம். 600 ரூபாய்க்கு 180 பக்கம், பாதி வேறு எங்கிருந்தோ ஜெராக்ஸ் எடுத்தது. கோல்ட்தோர்ப் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. பிளாவும் டங்கனும் எழுதிய புத்தகத்துக்கு 1976 என்று அச்சாகியிருந்தது. மாதிரித் தேர்வில் நான் அதையே எழுதி மார்க் போனது. திருத்தும்போது தப்பு நோட்ஸில்தான் என்று காட்டினேன். "எக்ஸாம்ல கரெக்டா போட்டுடுங்க மேடம்" என்றார் ஆபீஸ் பையன். ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன் அதே சாரிடம் ஒருமுறை காட்டியிருந்தாலே போதும்.

இன்னொன்று. வகுப்பு தமிழில், தேர்வு ஆங்கிலத்தில். சார் தமிழில் சொன்னதால்தான் எனக்குப் புரிந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒப்பு நகர்வு என்று மனதில் ஏறியதை, கணினித் திரையில் ஆங்கிலத்தில் பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டுமே. இரண்டு மொழிச் சொற்களையும் எதிரெதிராகப் போட்டு நான்கு பக்கம் கொடுத்தால் போதும். நானே ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஓசூர் தம்பிக்கும் அரூர் அக்காவுக்கும் போனில் படம் எடுத்து அனுப்பினேன்.

மாதிரித் தேர்வு மொத்தம் ஆறு என்று விளம்பரத்தில் இருந்தது, நடந்தது நான்கு. இரண்டாம் தாளில் என் மார்க் முதலில் 200க்கு 84, கடைசியில் 122. அடுக்கமைவுப் பகுதியில் வந்த எந்தக் கேள்வியும் கடைசித் தேர்வில் தப்பவில்லை. கோட்பாட்டுப் பகுதியில் இன்னும் தடுமாற்றம்தான். அந்தப் பகுதிக்கு வந்தவர் வேறு ஆள், அவரைப் பற்றிச் சொல்ல நல்லதாக எதுவும் இல்லாததால் விட்டுவிடுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை: இரண்டு கட்டடம் தள்ளி ஒரு மெஸ், ராகி களியும் கீரைக் கடைசலும் கிடைக்கும். பன்னிரண்டரைக்குள் போகாவிட்டால் களி தீர்ந்து லெமன் சாதம்தான்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. சார் மட்டும் என்றால் ஐந்து, ஃபேனுக்கு ஒன்று, கழிப்பறைக்குக் கொடுக்க எண் இல்லை. முதல் தடவை எழுதுகிறவர்கள், பாடமே இனிமேல்தான் தொடங்க வேண்டும் என்கிறவர்கள் இங்கே சேர்ந்தால் திணறிப்போவார்கள், முதலில் எம்.ஏ. புத்தகங்களை ஒரு சுற்று முடித்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே மனப்பாடம் செய்து தோற்றவர்களுக்கு, அதாவது என்னைப் போன்றவர்களுக்கு, சார் வரும் வாரங்கள் போதும். ஆனால் தனியாக அந்த வாரங்களுக்கு மட்டும் கட்டணம் வாங்குவதில்லை, கேட்டுவிட்டேன். சேர்வதற்கு முன் அடுத்த பேட்சிலும் அவர் வருகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேறு ஆள் என்றால் 9,500 அதிகம்.

பாலக்கோடு பக்கம் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. வகுப்பு ஆறு மணிக்கு முடியும் என்பது பெயருக்குத்தான், சார் பலகையை அழிக்க ஆறரை ஆகும். இலவச டவுன் பஸ் ஆறே காலுக்கு. அதை விட்டால் அடுத்தது காசு கொடுத்துப் போகும் பஸ்தான். கதவோர பெஞ்சில் உட்கார்ந்தால் யாரையும் எழுப்பாமல் நழுவலாம். நான் நான்கு ஞாயிறும் அந்தப் பஸ்ஸை விட்டேன்.